ஏலத்தில் எடுத்த கைத்தடி

எங்கள் வீட்டு வாசல் மூலையில், குடைகளோடு குடையாக, இரண்டு நாள் இன்னொருவருடைய கைத்தடி சாய்ந்திருந்தது. திருடியது இல்லை. ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று, விலை கேட்டு, பணம் கொடுத்து வாங்கியது. திருடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

எட்வினைப் பற்றி இந்தப் பத்திரிகையில் முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: கடல் தாண்டி வந்து, நாலு வருஷமாக இங்கே மிஷன் வேலை பார்த்த இளைஞர். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் திருநெல்வேலிச் சீமைக் கூலிகள் இருக்கிறார்கள் அல்லவா... அவர்களுக்கு நடுவில்தான் அவருக்கு ஊழியம். அதற்குத் தமிழ் வேண்டும். ஆகவே வாரத்தில் பாதி நாள் பட்டணத்தில் தங்கி, காலையில் நான் சர்க்கார் கச்சேரிக்குக் கிளம்புமுன் ஸ்ரீவராகத்தில் என் வீட்டுக்குப் பாடம் படிக்க வருவார். அவர் என்னை மதம் மாற்ற முயன்றதில்லை. நானும் அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

அவருடைய தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் வீட்டில் கற்றதைத் தோட்டத்தில் பேசுவார். தோட்டத்தில் கற்றதை எங்கள் வீட்டில் பேசுவார். கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, "கொஞ்சம் தீர்த்தம் குடுங்கோ" என்பார். இங்கே வந்து என் மனைவியிடம், "என்னம்மா, சொகமா இருக்கியளா?" என்பார். இரண்டு இடத்திலும் சிரிப்பார்கள். இரண்டு இடத்திலும் அவரைப் பிடிக்கும்.

அவருடைய தவணை இந்த மாதத்தோடு முடிந்தது.

போன மாதம் தோட்டத்தில் அவருக்கு ஒரு பிரிவுபசாரம் நடந்தது. என்னையும் அழைத்துப் போனார். பாட்டு, மாலை, சுண்டல் எல்லாம் ஆன பிறகு மாசிலாமணிக் கங்காணி ஒரு கைத்தடியைக் கொண்டுவந்து நீட்டினார். போன மழைக்காலத்தில் மலைப்பாதையில் வழுக்கி விழுந்து எட்வினுக்கு இடது முழங்கால் பிசகிவிட்டது. லயத்து ஆட்கள்தான் கட்டிலில் வைத்துச் சுமந்து கீழே இறக்கினார்கள். அன்றிலிருந்து கொஞ்சம் நொண்டுவார்.

"ஐயா, இது நம்ம தேயிலைச் செடி மூடு. வேரோட பிடுங்கி இழைச்சது," என்றார் கங்காணி. "இனி அங்கன போயி வழுக்குனா எங்களக் கூப்பிட முடியாதுல்லா. இதக் கூப்பிடுங்க."

தலையில் சின்னதாக ஒரு வெள்ளிப் பூண். ஒரு வீடு விடாமல் காசு போட்டிருக்கிறார்கள்.

எட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைப் பிடிச்சுண்டுதான் கப்பல் ஏறுவேன்," என்றார், எங்கள் வீட்டுத் தமிழில்.

"சரியாப் போச்சு. அக்ரஹாரத்துக்கே போயிட்டாரு," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். எல்லாரும் சிரித்தார்கள். கிளம்புமுன் கடைசியாக ஒரு ஞாயிறு வந்து ஜெபம் நடத்துவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

இனி ஏலம்.

துரைமார் ஊரை விட்டுப் போனால் அவர்கள் வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வருவது நம் ஊரில் வழக்கம். கச்சேரி குமாஸ்தாக்களில் பாதிப் பேர் வீட்டுச் சாய்வு நாற்காலிகள் அப்படி வந்தவைதான். சாமான் விற்கிற நேரத்தில் வீட்டுக்காரர் மட்டும் அங்கே இருக்க மாட்டார். அது ஒரு நாசூக்கு. எட்வினும் இல்லை. யாரிடமோ விடைபெற்றுக்கொள்ளப் போயிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் போனது ஒரு மேஜை விளக்குக்காக. விளக்கு வேறு யாருக்கோ போய்விட்டது. திரும்பலாம் என்று நினைத்தபோது ஏலக்காரர் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டு குடை, ஒரு தொப்பி, ஒரு டென்னிஸ் மட்டை. அவற்றோடு ஒரு கைத்தடி. வெள்ளிப் பூண்.

எனக்குத் திக்கென்றது. அப்புறம் கோபம் வந்தது. இதைப் பிடித்துக்கொண்டுதான் கப்பல் ஏறுவேன் என்றாரே? ஏலம் கேட்டேன். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் சுடலைமுத்துப் பிள்ளையும் குடைகளுக்காகக் கேட்டார். நான் விடவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம்... மூணு தரம். கட்டு என் கையில்.

"என்ன சாமி, டென்னிசு களிக்கப் போறியளா?" என்றார் பிள்ளை. "குடுமியோட ஓடுனா நல்லாத்தான் இருக்கும்."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். வழிநெடுக அவரிடம் சொன்னேன். பிறகு அவர் கடையில் உட்கார்ந்து, காபி வரவழைத்துக் குடித்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். கங்காணி நீட்டியது, எட்வின் கண் கலங்கியது, "பிடிச்சுண்டுதான் கப்பல் ஏறுவேன்" என்றது... அந்தக் குரலில் பேசியும் காட்டினேன். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். நன்றாகச் சிரித்தார்கள்.

"போற வெள்ளக்கார சாயிப்புக்கு நாம போட்ட மாலையும் ஒண்ணுதான், பழந்துணியும் ஒண்ணுதான்," என்றார் பிள்ளை.

இதே கருத்தை நான் இன்னும் அழகாகச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு நல்ல மனிதர் கெட்டவர் என்று தெரியவரும்போது நமக்கு வருத்தம்தானே வர வேண்டும்? எனக்கு என்னவோ பசி எடுத்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

சாதம் போட்டுக்கொண்டே மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளோ?" என்றாள்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பார்த்தேன்."

"கண்ணால கம்பைத்தானே பார்த்தேள்? வெறுதே ஒருத்தரைப் பத்திப் பேசப்படாது, கேட்டேளா."

நான் எழுந்து கை கழுவினேன். டைரியில் எழுதினேன்: 'சனி. வெயில். எட்வின் வீட்டு ஏலம். மனிதர்களை நம்புவதற்கில்லை.'

மறுநாள் ஞாயிறு. அவர் பொன்முடிக்குக் கடைசியாகப் போகிற நாள். நானும் கூட வருவதாக ஏற்பாடு. வயிறு சரியில்லை என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். டைரியிலும் அதையே எழுதினேன்: 'ஞாயிறு. வெயில். வயிற்றுக் கோளாறு.' வெயில் மட்டும் நிஜம்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் எட்வின் வந்தார். கடைசிப் பாடம். ஆனால் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"சார், நேத்திக்கு யாருமே வரல," என்றார். "பாயெல்லாம் விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். கங்காணி மட்டும் வந்தார். தலையைத் தூக்கி என்னைப் பாக்கல. என்ன ஆச்சுன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல ஐயான்னுட்டுப் போயிட்டார்."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதான் சார். அவா குடுத்த கம்பு இல்லாமப் போனேன். அதுல அவாளுக்கு மனசு நொந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து தேடறேன். கதவு மூலையில சாத்தி வெச்சிருந்தேன். பக்கத்துல விக்கிற குடை, தொப்பி. பட்லர் எல்லாத்தையும் சேர்த்துக் கட்டிட்டான். எவன் வாங்கினான்னு ஏலக்காரருக்கும் ஞாபகமில்ல."

நாலு வருஷம் ஊழியம் பார்த்த இடத்திலிருந்து இப்படியா போவது என்று அவர் கேட்கவில்லை. முகத்தில் இருந்தது.

நான் எழுந்து வாசல் மூலைக்குப் போயிருக்க வேண்டும். நாலு எட்டுத்தான். போகவில்லை. அவரே அந்த மூலையைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டேன். வாசகர்களே, மனிதன் எவ்வளவு கீழே இறங்க முடியும் என்று நீங்கள் யோசித்ததுண்டா? நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே இறங்கலாம்.

பாடம் அத்தோடு முடிந்தது. வணக்கம் சொல்லிக்கொண்டு, நொண்டியபடி அவர் வாசற்படிக்கு வந்தார். அப்போது என் மனைவி உள்ளேயிருந்து வந்து, மூலையிலிருந்த கைத்தடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"படி வழுக்கும். இதைப் பிடிச்சுண்டு இறங்குங்கோ," என்றாள்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூணைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"சார்... நீங்களா எடுத்து வெச்சேள்? வேற யார் கைக்கும் போயிடக் கூடாதுன்னா?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம். என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு மனைவி உள்ளே போனாள். தோசைக்கல்லை அடுப்பில் சற்றுப் பலமாக வைத்தாள். அவ்வளவுதான்.

கச்சேரிக்குப் போகிற வழியில் சாலைக் கடைத்தெருவில் இறங்கினேன். "அன்னிக்கு நான் பேசினப்போ கடையில யாரெல்லாம் இருந்தா?" என்று பிள்ளையிடம் கேட்டேன்.

"எல்லாரும் இருந்தாவ. பொன்முடி எஸ்டேட் லாரிக்காரன் மண்வெட்டி ஏத்திட்டு நின்னாம்லா? அவன்தான் கூடுதலாச் சிரிச்சான்," என்றார். "ஏன் சாமி?"

கதை அன்று மாலையே, மண்வெட்டிகளோடு மலையேறிவிட்டது.

வியாழக்கிழமை எட்வினுக்கு ரயில். மறுபடி மலைக்குப் போய்வர அவருக்கு நேரமில்லை. போக வேண்டியவரும் அவர் இல்லையே. செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். விதுரை வரை பஸ். அதற்குமேல் அதே லாரி. அதே லாரிக்காரன் என்னைப் பார்த்ததும், "சாமி, அந்தக் கதைய இன்னும் ஒருக்கா கூடிச் சொல்லுங்க," என்றான். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாரும் கூடையோடு நின்றார்கள். அங்கேயே, எல்லார் காதும் கேட்கச் சொன்னேன். அவர் விற்கவில்லை. தவறிப் போய் ஏலத்தில் கலந்துவிட்டது. வாங்கியவன் நான். விசாரிக்காமல் ஊர் முழுக்கப் பேசியவனும் நான்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கூடைகளைக் கீழே வைத்தார்கள். பிறகு கங்காணி மெதுவாகச் சொன்னார்:

"நாங்க அவர் மேல கோவப்படல, சாமி."

"பின்னே ஏன் யாரும் போகல?"

"வெக்கமாப் போச்சு. நம்ம குடுத்தது அவ்வளவு சீத்துவமில்லாத சாமானா இருந்திருக்கேன்னு. ஒரு பூணப் போட்டாப் போதும்னு நெனச்சிட்டோம். எந்த மொகத்தோட அவருக்கு முன்னால வந்து உக்கார?"

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். அன்று அக்ரஹாரம் என்று கேலி செய்த அதே குரல். "எம் மவதான் கம்புக்கு எண்ணெ தேச்சா. ஒழுங்காத் தேய்க்கலன்னுதான் வித்துட்டாருன்னு அவள ஏசிட்டேன், சாமி."

யோசித்துப் பாருங்கள். கொடுத்தவர்கள் வெட்கப்பட்டார்கள். வாங்கிக்கொண்டவர் வெட்கப்பட்டார். எண்ணெய் தேய்த்த ஒரு பெண் காரணமில்லாமல் ஏச்சு வாங்கினாள். காபி குடித்துக்கொண்டு கதை சொன்னவன் ஒருவன்தான் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான்.

"சாயா தரட்டா சாமி?" என்றார் கங்காணி. "போன தடவ வேண்டாம்னுட்டிய."

குடித்தேன். சூடாக இருந்தது.

வியாழக்கிழமை தம்பானூர் ஸ்டேஷனுக்குக் கங்காணியும் அந்தப் பெண்ணும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். கங்காணி கையில் ஒரு தேயிலைப் பொட்டலம். எட்வின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"கங்காணி, ஞாயித்துக்கிழமை ஏன் யாரும் வரல?"

கங்காணி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். இதுதான் மூன்றாவது சந்தர்ப்பம், இதை விடக் கூடாது என்றுதான் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மழைல்லா ஐயா. நல்லாப் பிடிச்சிட்டு."

அன்றைக்கு முழுவதும் பொன்முடியில் உட்கார்ந்திருந்தவர் எட்வின். மழையா வெயிலா என்று அவருக்குத் தெரியாதா? கங்காணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 

"ஆமா. நல்ல மழை," என்றார். "சாருக்குக்கூட வயிறு சரியில்ல அன்னிக்கு." பிறகு என் தோளைத் தொட்டு, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க," என்றார். தோட்டத்துத் தமிழில்.

ரயில் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த வெள்ளிப் பூண் கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

இந்த இதழின் ஒரு பிரதியை அவருடைய ஊர் விலாசத்துக்கு அனுப்பப்போகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

நேற்று டைரியைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் 'வயிற்றுக் கோளாறு' என்பதை அடித்துவிட்டேன். 'வெயில்' என்பதை அப்படியே விட்டிருக்கிறேன்.