தொட்டிலாக நின்ற காடி

அன்று நான் மகளைத் தூக்கிக்கொண்டு காரைவிட்டு இறங்கியிருக்க வேண்டாமா?

பத்து காஜா ஊர் கிளினிக்கில் மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வெளியே வந்தோம். மகள் அழுகையை நிறுத்தவில்லை. எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில், கூரையை மடித்துவிட்ட வெண்ணெய் நிறப் பழங்காலக் கார் ஒன்று நின்றது. அதைப் புதுப்பித்து விற்கவிருந்தவர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். கீறல் விழக்கூடாதென்று, காரைத் தொடும்முன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஆறு மாசத்துல இன்னைக்குத்தான் ஒரு ஆளு வாங்க வாராரு. அதுவரைக்கும் இதுல உக்காருங்க தங்கச்சி. எஞ்சின் சத்தத்துக்குப் பிள்ளை தூங்கிரும்லா” என்றவர், மகளின் கொலுசின் மேல் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார்.

எஞ்சின் மெல்ல முனகியது. இலை நிழல்கள் மடியில் நீந்தின. மகள் தூங்கினாள். பல நாள் தூக்கமில்லாத நானும் எங்கோ மிதந்தேன்.

வாங்க வருவதாக இருந்த ஆள், பழைய கார்களைச் சேகரிப்பவர், வந்துவிட்டார்.

“ஓட்டிப் பாக்கலாமா அண்ணே?”

“பிள்ளை தூங்குது. அரை மணி கழிச்சுப் போலாம்.”

“காடி விக்கிறீங்களா, தொட்டில் வாடகைக்கு விடுறீங்களா?”

“இப்போதைக்குத் தொட்டில்தான்லா.”

வந்தவர் சிரிக்கவில்லை. பீடோர் ஊரில் இன்னொரு கார் பார்க்க வேண்டுமென்று கிளம்பிவிட்டார்.

அத்தனையும் என் காதில் விழுந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

வீடு வந்தபின்தான், கைக்குட்டை கொலுசிலேயே இருப்பதைக் கவனித்தேன். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, அன்று விழித்துத்தான் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவா, வேண்டாமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.