யூஜினியா மேடம் எந்த வாக்கியத்துக்குத் தலையசைத்தார்

சமூகப்பணிப் படிப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு யூஜினியா மேடம் முதல் வாரம் புத்தகத்தையே திறக்க மாட்டார். தலையசைக்கத்தான் கற்றுக்கொடுப்பார். ஒருவர் தான் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேட்கிறவர் கல்லாக உட்கார்ந்திருந்தால் சொல்கிறவருக்குத் தொண்டை அடைத்துவிடும். ‘சரி’ என்றால் வாக்குக் கொடுத்தது போலாகும். ‘இல்லை’ என்றால் வாயை மூடச் சொன்னது போலாகும். எனவே மோவாய் லேசாகக் கீழே இறங்கி மெதுவாக மேலே வர வேண்டும். கண் எதிராளியின் முகத்தை விட்டு நகரக் கூடாது. ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. செய்முறைத் தேர்வில் வாய்தவறி ‘சரிங்கம்மா’ என்ற பிள்ளைகள் மதிப்பெண்ணை இழந்தார்கள்.

கல்லூரியில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பூம்பூம் மேடம்’. அது அவருக்கும் தெரியும். வருத்தப்பட்டதில்லை.

சாக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா செபஸ்தியான் வாத்தியார், யார் பேசுவதையும் கடைசிவரை கேட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். அவரைப் பழிவாங்கத்தான் மகள் கேட்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிற எல்லோரும் அவரிடம் பேசிவிட்டுப் போனார்கள். அவர் யாரிடம் பேசினார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

சொல்லிக்கொள்ளும்படி அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. அதன் பெயர் சைதுன் பீவி.

மாணவி சிவரஞ்சனி களப்பணிக்குப் போன இடத்தில், காரைக்குடி பேருந்து நிலையத்தில், அந்தம்மாவைக் கண்டாள். சடைபிடித்த தலை, காலில் புண். பெயரைக் கேட்டால் “சைதுன் பீவி” என்பார். ஊரைக் கேட்டாலும், பசிக்கிறதா என்று கேட்டாலும் “சைதுன் பீவி”தான். வேறு சொல் கிடையாது. யூஜினியா மேடம் சாயங்காலம் சாயங்காலமாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெயரையே ஒரு பெரிய கதை போலக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தம்மா தானாக எழுந்து கூடவே வந்துவிட்டார்.

கூட்டிப்போக இடம் வேண்டுமே. கானாடுகாத்தானில் ஏகப்பன் வீட்டு இரண்டாங்கட்டு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஏகப்பன் மலேசியாவில் இருந்தார். “சும்மா கெடக்குறதுக்கு நாலு சீவனாச்சும் இருக்கட்டும்” என்று பெயருக்கு ஒரு வாடகையில் கொடுத்தார். அப்படித்தான் மனநலம் குன்றிய பெண்களுக்கான அந்தக் காப்பகம் உண்டானது. சிவரஞ்சனி படித்து முடித்ததும் அங்கேயே பொறுப்பேற்றாள். முப்பது பேர்வரை சேர்ந்தார்கள்.

சைதுன் பீவி காலையில் எழுந்ததும், தூண்கள் சூழ்ந்த முற்றமான நடு வளவைச் சுற்றத் தொடங்குவார். ஒவ்வொரு தூணிலும் உள்ளங்கையை வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்த தூணுக்குப் போவார். இருட்டும்வரை அதுதான் வேலை. சுற்றினால் சாப்பிடுவார், தூங்குவார். ஒருமுறை காய்ச்சலுக்காக வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டரே பயந்துபோய்த் திருப்பி அனுப்பினார். “இந்தம்மாவ எடம் மாத்தாதீக. மாத்துனா உசிரு தங்காது” என்றார். சிவரஞ்சனிக்கு அந்த வார்த்தை மனதில் தைத்துவிட்டது. யூஜினியாவுக்கும்தான்.

பிறகு தேர்தல் வந்தது.

உள்ளூரில் கட்சிக்கு இரண்டு கோஷ்டி. ஒன்று நிறுத்துகிற ஆளை இன்னொன்று தோற்கடிக்கும். தலைமைக்கு, இரண்டிலும் சேராத, இரண்டு பக்கத்துப் பேச்சையும் முகம் சுளிக்காமல் கேட்கிற ஓர் ஆள் தேவைப்பட்டது. ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த யூஜினியா மேடத்தை யாரோ நினைவுபடுத்தினார்கள். அவர் ஊர் ஊராகப் போனார், பேசவில்லை, கேட்டார். ஜெயித்தார். படித்தவர், பெண், ஊழல் செய்யத் தெரியாதவர் என்பதால் பெயரில் இரண்டு மூன்று ‘நலன்’ வரும் துறையொன்றைக் கொடுத்து அமைச்சராக்கினார்கள்.

வாரக் கடைசியில் காரைக்குடி வீட்டில் மனுக் கொடுக்க வாசல்வரை கூட்டம் நிற்கும். முந்தைய அமைச்சர் போனிலிருந்து தலையைத் தூக்காதவர். இவரோ ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார், மோவாயை இறக்கி ஏற்றினார்.

“என்னப்பா, ஆச்சா?” என்று வெளியே வருகிறவரை வரிசையில் நிற்பவர் கேட்பார்.

“டீச்சரம்மா தலைய ஆட்டிட்டாகல்ல! இனி எவன் மறிக்கிறது?”

வேடிக்கை என்னவென்றால், காரியமும் ஆனது. காரணம் உதவியாளர் ஸ்ரீநிவாசன். பல அமைச்சர்களின் பின்னால் நின்று பழகியவர். ஒருவர் காதைக் குடைந்தால் ‘பார்க்கலாம்’, கண்ணாடியைக் கழற்றினால் ‘ஆளை வெளியே அனுப்பு’, இன்னொருவர் கொட்டாவி விட்டால் ‘நாளைக்குத் தனியாக வரச் சொல்’. அந்தக் கஷ்டமெல்லாம் பட்டவருக்கு, இந்தம்மா பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கத் தலையசைத்தது பெரிய நிம்மதி. குறித்துக்கொண்டு அதிகாரிகளிடம் சொன்னார். சாலை வந்தது. இடமாற்றம் வந்தது. நிறுத்திவைத்த உதவித்தொகை வந்தது.

ஒரு மாதம் கழித்துத்தான் யூஜினியாவுக்கு விஷயம் புரிந்தது. கூப்பிட்டுச் சொன்னார்.

“ஸ்ரீநிவாசன், நான் தலையாட்டுறது சம்மதம்னு அர்த்தமில்ல. கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்.”

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“நாளைக்கு ஏதாச்சும் வில்லங்கம்னா, நான் வாயால சொல்லலையேன்னு சொல்லிக்கலாம்லம்மா. இவ்வளவு வெவரமா ஒரு மந்திரியவும் நான் பாத்ததில்ல.”

அவர் கண்ணில் உண்மையான மரியாதை இருந்தது. யூஜினியா மறுத்துப் பேச வாயெடுத்தார். அன்றைக்குக் காலையில்தான் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறை, அவர் உத்தரவு போடாமலே கட்டி முடிந்த செய்தி வந்திருந்தது. நல்லதுதானே நடக்கிறது என்று விட்டுவிட்டார். அதற்கப்புறம் கண்ணாடியில் பார்த்துத் தலையை மெதுவாக அசைத்துப் பழகினார் என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் ஏகப்பன் ஊருக்கு வந்தார். மனு எதுவும் கொண்டுவரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா, எங்க ஆத்தா மெட்ராஸுல ஒரு ஹோமுல வச்சுத்தாம்மா செத்தாக. கடைசியா வீட்டப் பாக்கணும்னு கேட்டாக. இந்தா கூட்டிட்டுப் போறேன், இந்தா கூட்டிட்டுப் போறேன்னு மூணு தீவாளி போச்சு. நான் வரல. பொட்டலமா சாம்பலத்தான் கொண்டாந்தேன்.”

எழுபது வயது மனிதர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். யூஜினியாவின் மோவாய் கீழே இறங்கியது.

“அந்த வீட்டுக்கு இப்ப ஒரு விடிவு வந்திருக்கும்மா. ஓட்டல் கம்பெனிக்காரன் எடுத்துக் கட்டுறேங்குறான். பங்காளிக பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. அந்தப் பொம்பளைகள மட்டும் வேற எங்குட்டாச்சும் மாத்திவிட்டீகன்னா எங்க ஆத்தா மனசு குளுந்துரும்.”

மோவாய் மேலே வந்தது.

இறங்கியது ஆத்தாவுக்காக. ஏறியது எதற்காக என்பதில்தான் தகராறு. அந்த இரண்டாவது பேச்சு தன் காதில் விழுந்ததா என்று யூஜினியா பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தார். விழவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அமைச்சர் நடத்திய காப்பகத்துக்கு அமைச்சரின் துறையே மானியம் தரலாமா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த வாரம்தான் கேட்டிருந்தார்கள். வீடு காலியானால் அந்தக் கேள்வியும் காலியாகும். இது அவர் மனதின் எந்த மூலையில் கிடந்தது, எழுந்து வந்து கழுத்தை அசைத்ததா என்பதை அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

ஸ்ரீநிவாசனுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. பின்னால் நின்று குறித்துக்கொண்டார்.

உத்தரவு வந்தது. காப்பகத்துப் பெண்கள் ‘மேம்பட்ட பராமரிப்பை முன்னிட்டு’ மூன்று மாவட்டங்களிலுள்ள இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவார்கள். சிவரஞ்சனி போன் செய்தாள்.

“மேடம், நீங்க சொன்னீகன்னு சொல்றாங்களே.”

“நான் சொல்லல ரஞ்சனி.”

“அப்ப நிப்பாட்டுங்க. சைதுன் பீவிய மாத்துனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“காலையில நேர்ல வாரேன்.”

காரில் ஸ்ரீநிவாசன் முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து பேசினார். குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

“ரத்து பண்ணலாம்மா. ஒரு வார்த்தை போதும். ஆனா இந்தத் தலையசைப்பு செல்லாதுன்னா, போன மாசத்துத் தலையசைப்பெல்லாம் செல்லுமான்னு ஒருத்தன் கேப்பான். அங்கன்வாடிக்கு எடுத்த ஆளுக, பஸ் விட்டது, நிப்பாட்டின பென்சன குடுத்தது, ஒவ்வொண்ணா நோண்டுவான். வேல கெடச்ச புள்ளைக கோர்ட்டு வாசல்ல நிக்கணும். யோசிச்சுக்கங்கம்மா.”

யூஜினியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை கிடைத்த பிள்ளைகளின் முகங்கள் அவருக்கு ஞாபகம் இருந்தன. எல்லா முகமும் ஞாபகம் இருப்பது அந்தத் தொழிலின் சாபம்.

கானாடுகாத்தானில் வாசலில் இரண்டு வேன் நின்றது. மாவட்ட அதிகாரி, கட்சிக்காரர்கள், உள்ளூர்த் தொலைக்காட்சி கேமரா, கைகூப்பியபடி ஏகப்பன். பெண்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஊர்வலம் போகிற சந்தோஷத்தில் ஜன்னலோரம் பிடித்தார்கள்.

சிவரஞ்சனி எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

“மேடம், தலையாட்டுனா சம்மதம் இல்லைன்னு எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக் குடுத்தீக. அத இந்தாளுககிட்ட ஒரு தடவ சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். வாயத் தொறந்து ‘வேண்டாம்’னு சொல்லுங்க.”

அதிகாரி அமைச்சரின் தலையைப் பார்த்தார். கேமராவும் பார்த்தது. இறங்கினாலும் ஏறினாலும் இனி ஏதாவது ஒரு பொருள் வந்துவிடும் என்று யூஜினியா கழுத்து வலிக்க வலிக்க அசையாமல் நின்றார்.

உள்ளே வளவில் இரண்டு பணிப்பெண்கள் சைதுன் பீவியின் விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரி, “சைதுன் பீவி... சைதுன் பீவி...” என்று சொல்லிக்கொண்டே வந்தார். யூஜினியாவைக் கடக்கும்போதும் அதையே சொன்னார்.

யூஜினியா வாயைத் திறந்தார். ‘நிறுத்துங்க’ என்பதுதான் நாக்கு நுனிவரை வந்த சொல். வெளியே வந்தது வேறு.

“இதுல சம்பந்தப்பட்டவுக எல்லாரையும் வச்சு ஒரு குழு அமைச்சு, அவுக தேவை என்னன்னு முழுசாக் கேட்டு...”

“மேடம், வண்டி கெளம்பிருச்சு” என்றாள் சிவரஞ்சனி.

அதிகாரி, குழு என்று எழுதிக்கொண்டார்.

சைதுன் பீவி போய்ச் சேர்ந்தது தெற்கே ஒரு தகரக் கூரைக் காப்பகம். சுத்தமான இடம்தான், குறை சொல்ல முடியாது. நீளமான ஒரே கூடம். சுற்றிவர ஒரு தூண் இல்லை. அவர் சாப்பிடவில்லை. அடிக்கிறார்கள் என்றோ பட்டினி போட்டார்கள் என்றோ சொன்னால் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைக்கும். அங்கே ஊட்டிவிடத்தான் பார்த்தார்கள். ஒரு விடியலில், பால்காரர் திறந்த கேட் வழியாக அந்தம்மா வெளியேறினார். நெடுஞ்சாலையோரம் மின்கம்பம் மின்கம்பமாகத் தொட்டுக்கொண்டு நடந்தாராம். லாரிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். வறண்ட வாய்க்காலில் கிடந்த உடலை, விசாரித்து யாரும் வராததால், போலீஸே அடக்கம் செய்தது. தன் பெயர் ஒன்றைத் தவிர வேறெதையும் வைத்திராத அந்தம்மா ‘பெயர் தெரியாத பெண்’ என்ற கணக்கில் மண்ணுக்குள் போனார். சிவரஞ்சனி தேடிப்போய்ச் சேர்ந்தபோது போலீஸ் காட்டியது ஒரு புகைப்படம், ஒரு நைட்டி.

அவள் அமைச்சருக்குப் போனில் சொன்னது இரண்டே வார்த்தை: “தங்கல, மேடம்.” அதற்குப் பிறகு அவள் எண்ணுக்கு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

குழுவும் தன் வேலையைச் செய்தது. மனநலம் குன்றியவர்களைப் பழகிய இடத்திலிருந்து மாற்றக் கூடாது என்று நல்ல தமிழில் பரிந்துரை கொடுத்தது. அமைச்சர் பெற்றுக்கொண்ட படம் பத்திரிகையில் வந்தது. சாவுச் செய்தியும் வேறொரு பக்கத்தில் வந்தது. ஓட்டல் கம்பெனிக்காரன் இரண்டாவதை மட்டும் படித்தான். துர்மரணப் பேச்சு உள்ள வீட்டில் வெள்ளைக்காரன் தங்க மாட்டான் என்று ஒதுங்கிக்கொண்டான்.

ஏகப்பன் மறுபடியும் வந்தார். அதே நாற்காலி. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“டீச்சரம்மா, ஓட்டல்காரனும் போயிட்டான். வீடு திரும்பப் பூட்டிக் கெடக்கு. அந்தப் பொம்பளைகளையே கூட்டியாந்து விட்டுருங்க. எனக்கு வாடகைகூட வேணாம்.”

யூஜினியா அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். தலை அசையவில்லை. பின்னால் ஸ்ரீநிவாசன் என்ன குறிப்பதென்று தெரியாமல் நின்றார்.

“பிரிச்சு அனுப்புனதுல பாதிப் பேரு எந்த இல்லத்துல இருக்காகன்னே தெரியல” என்றார் யூஜினியா. “ரஞ்சனி வேலைய விட்டுப் போயிருச்சு. ஒருத்தவுக செத்துட்டாக.”

“அய்யோ, அது நானாம்மா? எனக்குத் தூக்கமே இல்ல. கண்ண மூடுனா ஆத்தா வந்து, எவளையோ வெளிய தள்ளிட்டியாமேன்னு கேக்குறாக. நான் என்னம்மா செஞ்சேன்? கேட்டேன். கேக்குறது தப்பா? நீங்க சரின்னீக.”

அவர் கேட்டது சண்டைக்கல்ல. அந்த முகத்தில் இருந்தது கெஞ்சல். யூஜினியாவுக்கு அதை இனம் காணத் தெரியும். நான் சரி சொல்லவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்பதை ஒரு வகுப்பு முழுக்க விளக்கலாம். அவரிடம் அதற்கு முப்பது பக்கக் குறிப்பே உண்டு.

“ஆமா” என்றார். “நான்தான் சரின்னு சொன்னேன்.”

ஸ்ரீநிவாசன் பதறி, “அம்மா...” என்றார்.

“எழுதிக்கங்க ஸ்ரீநிவாசன். வாயால சொன்னேன்னு எழுதிக்கங்க.”

ஏகப்பன் எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வெளியே காரில் காத்திருந்த தம்பி மகனிடம் அவர் சொன்னது வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

“அமைச்சரே தன் வாயால ஒத்துக்கிட்டாகப்பா. நம்ம பேர்ல பழி ஒண்ணும் இல்ல. ஆத்தாகிட்ட இன்னைக்குச் சொல்லிரலாம்.”

கார் போகிற சத்தம் அடங்கும்வரை யூஜினியா காத்திருந்தார். ஏகப்பனுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்துவிடும். அமைச்சர் பதவிக்கு வந்த பிறகு அவர் வாய்திறந்து கொடுத்த முதல் உதவி அதுதான்.