மாமா வீசாத சூறை

நான்காம் வகுப்பில், சூறையாடுதல் என்றால் கொள்ளையடித்துப் பாழாக்குதல் என்று டீச்சர் பலகையில் எழுதினார். நான் எழுதிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் சூறைக்கு ஒரு மாதம் முன்பே வெள்ளரிக்காய்க்குச் சொல்லிவைப்போம்; டீச்சருக்கு என்ன தெரியும் என்று எனக்கு இளப்பம்.

புதுச்சேரியில் மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள், அங்காளம்மன் மயானத்துக்குப் போவாள். வேண்டுதல் உள்ளவர்கள் காய்கறியும் கொழுக்கட்டையும் கூடை கூடையாகக் கூட்டத்தின் மேல் வீசுவார்கள். விழுந்ததைச் சனங்கள் முண்டியடித்து அள்ளிக்கொள்வார்கள். நானறிந்த சூறை அதுதான்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து இந்தோசீனா சண்டைக்குப் போனவர், ஒன்றரை வருடம் கடிதமே போடவில்லை. தம்பி உயிரோடு திரும்பினால் அவன் கையாலேயே சூறை விடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். மாமா முழுசாக வந்து சேர்ந்தார். சொன்னபடி செய்யாவிட்டால் கொடுத்தவளே திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அம்மாவுக்கு உள்ளூர பயம்.

சூறையன்று மயானத்தில் மாமாவோ கூடையோடு கூட்டத்துக்குள் இறங்கி, ஒவ்வொருவராக வரச் சொல்லி, கையில் கொடுக்க ஆரம்பித்தார். சனங்கள் திருதிருவென்று விழித்தார்கள். சூறையை வரிசையில் நின்று வாங்கி யாருக்குப் பழக்கம்?

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வீசுடா. கையில குடுத்தா அது தானம்டா, ஆத்தாளுக்குச் சேராது."

"வேணாங்க்கா. அந்தக் கூச்சல் என்னால தாங்க முடியல."

அம்மா அழத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் கைதான் கூடையைப் பிடித்திருக்கிறதே, அது போதும் என்று கணக்குப் போட்டு, எக்கிக் கூடையின் அடியில் கைகொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினேன். காய்களெல்லாம் பறந்தன. ஓவென்று கூட்டம் பாய்ந்தது.

அடுத்த நொடி நான் மண்ணில் கிடந்தேன். மாமா என்மேல் கவிழ்ந்து, என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியாத பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களைச் சுற்றிச் சனங்கள் சிரித்துக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கினார்கள்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அவளிடம் ஓடி, மாமா என்னைத் தள்ளிவிட்டுப் புதுப் பாவாடையைக் கிழித்துவிட்டார் என்று அழுதேன். மாமா என் பாவாடை மண்ணைத் தட்டிவிட்டபடி, தெரியாமல் செய்துவிட்டதாகச் சொன்னார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

எந்த ஊரில், எந்தக் குழந்தையின் மேல் அப்படிக் கவிழ்ந்து படுக்க அவருக்கு நேரம் இல்லாமல் போயிற்று என்று கேட்கத் தெரிந்த வயதில், கேட்பதற்கு மாமா இல்லை.