கடைசி வண்டிக்கு யாரும் நிற்கவில்லை

காலை பதினொன்றேகாலுக்கு அக்கா வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. அங்கே கணக்குப் பார்க்கும் அம்மாள் பேசினார். "பதட்டப்படாம கேளும்மா" என்றுதான் ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

அன்று முழுவதும் விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வண்டியிலயா?" இல்லை என்றேன். ஒரு கிளினிக்கின் மாடிப்படியில், கையில் ஐஸ்பெட்டியோடு இறங்கி வரும்போது விழுந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இதைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. பைக் ஓட்டுகிற பெண் பைக்கில்தான் சாக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார்கள் போல.

அக்காவின் வேலையே வண்டி ஓட்டுவதுதான். சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் இல்லாத சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்த ரத்தக் குப்பிகளை வாங்கி, பெட்டிக்குள் நிற்க வைத்து, கெட்டுப்போவதற்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். குலுங்கினால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்கும். அதனால் குண்டும் குழியுமான ரோட்டில்கூட மடியில் குழந்தையை வைத்திருப்பவள் மாதிரி ஓட்டுவாள். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து நான் தூங்கியே போயிருக்கிறேன். கிளினிக்குகளில் அவளுக்கு 'ஐஸ்பெட்டி' என்று பேர். அம்மா வேறு மாதிரி சொல்வாள்: "ஊர்ல இருக்கிறவங்க ரத்தத்தை எல்லாம் பத்திரமா கொண்டு போற. என் ரத்தத்தை மட்டும் கொதிக்க வைக்கிற."

அம்மாவின் ரத்தம் கொதித்தது பெரிய வண்டியால். வேலைக்கு ஓட்டுவது சின்ன வண்டி. பெரிய வண்டியை ஞாயிற்றுக்கிழமைக்கென்று பழையதாக வாங்கியிருந்தாள். முப்பது பேர் சேர்ந்த ஒரு குழுவோடு விடிந்ததும் கிளம்பிவிடுவாள். டயர் கடை வைத்திருந்தவர் அந்தக் குழுவின் தலைவர், எல்லாருக்கும் கேப்டன். அக்காவுக்கு அங்கே நெருக்கம் என்றால் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் டீச்சர். காலியாகக் கிடந்த ஒரு மைதானத்தில் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். விழுந்து எழுந்தவளின் முட்டிக்கு மருந்து போட்டுவிட்டு, "கணக்குல நீ புலி, கிளட்ச்சுல நீ பூனை" என்று கேலி செய்தவளும் அவளே.

குழுவில் அக்கா கடைசி வண்டி. முதுகில் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை, பின்பெட்டியில் கருவிகள். யாருடைய வண்டி நின்றாலும் அவளும் நிற்பாள். குழு எத்தனை தூரம் நீண்டு கிடந்தாலும் யாரும் வழி தவறாமலிருக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். திருப்பம் வந்தால் கேப்டனுக்கு அடுத்து வருபவர் அங்கேயே ஒதுங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். ஆரஞ்சுச் சட்டை கண்ணில் படும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. கடைசி வண்டி வந்ததும் அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். கடைசி வண்டிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. திருப்பத்தில் நிற்பவரைக் கிளப்பி முன்னால் அனுப்பாமல் அது தாண்டிப் போகக் கூடாது.

போன வருடம் பைக் பந்தய ரசிகர்களுக்கான இரண்டு நாள் விழாவுக்கு இந்தக் குழு கிளம்பியது. சனிக்கிழமை பந்தயங்கள். ஞாயிறு காலை, ரசிகர் குழுக்கள் தங்கள் வண்டிகளோடு பந்தய ட்ராக்கில் ஒரு சுற்று வரலாம். கேப்டன் எல்லார் முன்னாலும் அறிவித்தார்: "இத்தனை வருஷமா நம்ம கடைசி வண்டி நம்ம முதுகைத்தான் பார்த்திருக்கு. இந்தத் தடவை ட்ராக்குல அதுதான் முதல் வண்டி." எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா, "சும்மா இருங்கப்பா" என்றாளே தவிர, அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் இல்லை.

"ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிற?" என்று என்னிடம் கேட்டாள்.

"நீ ஓட்டுற ஓட்டத்துக்கு ரெண்டு நாள்."

"மெதுவாத்தான் போவேன்டி. முன்னாடி யாருமே இல்லாம ரோடு எப்படி இருக்கும்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

அவள் வற்புறுத்தியதால் நானும் பின்சீட்டில் ஏறிப் போனேன். சனிக்கிழமை அங்கே காதில் பஞ்சு வைத்திருந்தும் நெஞ்சு அதிர்ந்தது. கையுறை விற்கும் கடைகள், வீரர்களிடம் கையெழுத்து வாங்க நின்ற வரிசை, வெயிலில் காய்ந்த ரப்பர் நாற்றம். அக்கா கம்பிவேலியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு வளைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாரு, ஒருத்தனும் சக்கரத்தைப் பார்க்க மாட்டான். போக வேண்டிய இடத்தைத்தான் பார்ப்பான்." வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு ஆள் பெரிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் வண்டியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அவரை மடிச்சுப் பின்பெட்டியில வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. டீச்சர் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த குளிர்பானம் கொட்டியது.

ஞாயிறு காலை, தங்கியிருந்த இடத்திலிருந்து ட்ராக்குக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், குழுவுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு கணவன் மனைவியின் வண்டியில் கிளட்ச் கேபிள் அறுந்தது. அக்கா ஓரம் கட்டினாள். எங்களுக்கு முன்னால் போன டீச்சர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போ. கேப்டன்கிட்ட சொல்லிட்டு அடுத்த திருப்பத்துல நில்லு" என்று அக்கா கத்தினாள். டீச்சர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

அக்கா தன் வண்டிக்கென்று வைத்திருந்த மாற்றுக் கேபிளை எடுத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரப்படாதடி" என்றாள் டீச்சர். "நம்ம சுத்தைச் சாயங்காலத்துக்கு மாத்திட்டாங்களாம். நிதானமா வேலையை முடிச்சிட்டு வா. நான் திருப்பத்துலதான் நிக்கிறேன்."

அக்காவின் தோள்கள் தளர்ந்தன. தங்களால் எல்லாம் கெட்டதென்று அழுதுகொண்டிருந்த அந்தப் புதுப்பெண்ணிடம், "ஒண்ணும் கெடலம்மா, சாயங்காலம்தானாம்" என்றாள். கேபிளைப் பொருத்தி, இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்து, சாலையோரக் கடையில் அவர்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

திருப்பத்தில் யாரும் இல்லை.

ரோடு இரண்டாகப் பிரிகிற இடம். ஒரு மைல்கல்லும் வேலியும் மட்டும். அக்கா வண்டியை அணைத்தாள். "தண்ணி கிண்ணி வாங்கப் போயிருப்பா" என்றாள். அந்தக் கணவன் மனைவியை வழி சொல்லி முன்னால் அனுப்பினாள். நாங்கள் நின்றோம். டீச்சருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பள்ளத்தில்கூட எட்டிப் பார்த்தாள். சறுக்கி எங்காவது விழுந்து கிடக்கிறாளோ என்று.

"நாம போகலாம்க்கா. அவங்க உள்ள போயிருப்பாங்க."

"நிக்கிறேன்னு சொன்னாளே. ஆளை விட்டுட்டு நான் எப்படித் தாண்டறது?"

காத்திருக்க வேண்டியவளுக்காக அக்கா காத்திருந்தாள். அந்தக் குழுவிலேயே அவள் ஒருத்திதான் அப்படிக் காத்திருப்பாள். வயல்வெளிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. ஒரு தடவை தெளிவாக வந்தபோது, எங்கள் குழுவின் பேரைச் சொல்லி வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். அவள் வண்டி குலுங்கியதை வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் உணர்ந்தேன்.

ட்ராக்குக்குள் போகிற கதவைச் சாத்தியிருந்தார்கள். "இப்பத்தாம்மா மூடினோம். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார் காவலாளி. வேலிக்குப் பின்னால் நின்றோம். வளைவில் வண்டிகள் இரண்டிரண்டாகத் திரும்பி வந்தன. எல்லாருக்கும் முன்னால், தனியாக, டீச்சர். அக்காவின் விரல் பழக்கதோஷத்தில் உயர்ந்து ஒவ்வொரு வண்டியாக எண்ணியது. வழியில் அனுப்பி வைத்த அந்தக் கணவன் மனைவிகூட நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய கேப்டனுக்கு எங்களைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. "இங்க பாரும்மா, கதவை மூடப்போறோம்னுட்டாங்க. உனக்காக நின்னா முப்பது பேருக்கும் போச்சு. உண்மையைச் சொல்லியிருந்தா அவங்களை நடுரோட்டுல விட்டுட்டு வந்திருப்பியா? மாட்டே. அங்க உட்கார்ந்து தவிச்சுக்கிட்டிருப்பே. நாங்களும் இங்க சந்தோஷமா ஓட்டியிருக்க முடியாது. யோசிச்சுத்தான் டீச்சரை விட்டுச் சொல்லச் சொன்னேன்."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. டீச்சரைப் பார்த்தாள்.

"எனக்கு எங்கிருந்து போன் பண்ணின?"

டீச்சர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். "உள்ள வந்துதான்டி. கேப்டன் சொல்லச் சொன்னாரு... முன்னாடி ஒரு ஆள் வேணும்னாங்க..."

"சாயங்காலம்னு சொன்னே, சரி. அவரு சொல்லச் சொன்னாரு, சொன்னே. திருப்பத்துல நிக்கிறேன்னு ஏன்டி சொன்னே? அதை யாரும் சொல்லச் சொல்லலையே."

அக்கா ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி, கேப்டனின் வண்டிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். திரும்பும் வழியில் ஒரு ஆள் நின்றுபோன வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். நான் அக்காவின் தோளைத் தட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு பெரிய வண்டி உறைக்குள்ளேயே கிடந்தது. குழுவிலிருந்து விலகிவிட்டாள். டீச்சர் ஓரிரு தடவை வீட்டுக்கு வந்தாள். அக்கா டீ கொடுத்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், துவைக்கத் துணி இருக்கிறதென்று எழுந்துகொண்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "திட்டியாவது தீர்த்திருக்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டேன். "திட்டினா மறுபடி சேர்ந்துக்கணும்" என்றாள்.

வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோது குழு முழுவதும் வந்தது. வாசல் முழுக்க வண்டிகள். கேப்டன் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். அக்காவின் வண்டியை முன்னால் விட்டு, முப்பது பேரும் பின்னால் வந்து, அவளை வழியனுப்ப வேண்டுமாம். வண்டியை டீச்சர் ஓட்டுவாளாம்.

"சாவி குடும்மா. முன்னாடி போகணும்னுதானே அவ ஆசைப்பட்டா."

சுவரோரமாக உட்கார்ந்திருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "அன்னைக்கு விடாத முன்னாடி இன்னைக்கு எதுக்குப்பா? அவ எப்பவும் போல கடைசியிலேயே வரட்டும். நீங்க கிளம்புங்க."

கேப்டன் நின்று பார்த்துவிட்டு வெளியேறினார். டீச்சர் மட்டும் போகவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்தாள்.

"முந்தாநாள் அவளே எனக்குப் போன் பண்ணினா. இந்த ஞாயித்துக்கிழமை போவோமா, நாம ரெண்டு பேர் மட்டும்னு கேட்டா. சத்தியமாச் சொல்றேன். என்னை நம்பு."

அவள் முகத்தையே பார்த்தேன். உண்மையாக இருக்கலாம். ஆனால் ரோட்டோரத்தில் என் கையிலிருந்த போனில், திருப்பத்தில் நிற்கிறேன் என்று சொன்னபோதும் இதே குரல்தான் இருந்தது. கையை விடுவித்துக்கொண்டேன். அவள் போனைக் காட்டச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. அக்காவின் போனில் தேடிப் பார்த்திருக்கலாம். அது மாடிப்படியில் விழுந்ததில் உடைந்து போயிருந்தது.

எல்லாம் முடிந்து, எல்லாரும் போன பிறகு, மறுநாள் சாயங்காலம் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். உறை நான்காக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பெரிய வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கிண்ணம், அதற்குள் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ். விழுந்த அன்று காலை, வேலைக்குக் கிளம்பும் முன் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். சங்கிலியில் பாதி தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது. மீதிப் பாதியில் பழைய கிரீஸ் கறுப்பாக அப்படியே ஒட்டியிருக்கிறது.