ஏணி மாதிரி கட்டிய லேஸ்

நாற்பத்திரண்டு வயதில்தான் நான் முதன்முதலாக ஓடுவதற்கென்று ஒரு ஷூ வாங்கினேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆண்டு விழாவுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்திருந்தார்கள். ஓடலாம், நடக்கலாம், முடித்தால் போதும். ஒரு டி-ஷர்ட்டும் நாஷ்டாவும் உண்டு. பேக்கிங் பிரிவில் எனக்கு எதிரே நின்று வேலை செய்யும் தோழி, என்னைக் கேட்காமலேயே என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவள் பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குடும்பத்துப் பெண். என்னைவிட நான்கு வயது சின்னவள். மணலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த பாதம். விரல்கள் ஐந்தும் தனித்தனியாக விரிந்து நிற்கும். கம்பெனியில் கொடுத்த பாதுகாப்பு ஷூ முதல் மாதமே அவள் சுண்டுவிரலைப் புண்ணாக்கிவிட்டது. அவளே உட்கார்ந்து யோசித்து, கீழே இருக்கும் ஓட்டைகளில் லேஸைக் குறுக்கே விடாமல், பக்கவாட்டில் மேலே ஏற்றிக் கட்டிப் பார்த்தாள். விரல்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதிலிருந்து அவள் ஷூ மட்டும் பாதி கட்டி மறந்துபோனதுபோல இருக்கும். சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டார்.

நான் அவளிடம் ஷூவைக் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் பெட்டியைத் திறந்ததும் ஷூ என் கணவர் கைக்குப் போய்விட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மிக்ஸியை அப்படித்தான் பிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க என் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். லேஸ் கட்டுவதில் இத்தனை வகை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பெருக்கல் குறிபோல ஒன்று. படிக்கட்டுபோல நேர்க்கோடாக ஒன்று. முடிச்சே வெளியே தெரியாமல் ஒன்று. கட்டுவார், எட்ட வைத்துப் பார்ப்பார், உருவிவிடுவார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாமே, இத்த பாரு. ஏணி மாதிரி கீதா? மிலிட்டரில இப்டிதான் கட்டுவாங்களாம். எவ்ளோ ஓடினாலும் லூஸே ஆவாது.”

அழகாகத்தான் இருந்தது. வெள்ளை ஷூவில் நீல லேஸ், இரண்டு பக்கமும் கம்புபோல மேலேறி, நடுவில் பட்டை பட்டையாக. என் இடது காலின் மேல்பக்கம் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும். பாதுகாப்பு ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கிச் சமாளித்துவந்ததால் அந்த எலும்பை நான் மறந்தே போயிருந்தேன். வீட்டுக்குள் நாலு நடை நடந்து பார்த்தேன். “சூப்பரா கீதுங்க” என்றேன்.

ஓட்டத்தன்று காலை ஆறு மணிக்குக் கம்பெனி வாசலில் கிளம்பினோம். பெண்கள் முப்பது பேர் இருந்திருப்போம். முதல் ஒரு கிலோமீட்டர் என்னாலும் ஓட முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தோழி முன்னால் நாலாவது ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாவது கிலோமீட்டரில் கால் வீங்க ஆரம்பித்தது. சரியாக அந்த எலும்பின் மேல் ஏணியின் ஒரு படி உட்கார்ந்து அழுத்தியது. குனிந்து தளர்த்தப் பார்த்தேன். கணவர் சொன்னது உண்மைதான், லூஸே ஆகவில்லை. ஒவ்வொரு படியும் இன்னொன்றைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தது. சாலையோரச் சிறுபாலத்தின் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த தோழி திரும்பிப் பார்த்து, என்னைக் காணாமல் ஓடி வந்தாள்.

“நீ போ. மூணாவது வருவே” என்றேன்.

“வந்து இன்னா பண்ணப் போறேன்? நாஷ்டா எல்லாருக்கும் ஒண்ணுதான். காலக் காட்டுக்கா.”

அவள் கீழே உட்கார்ந்து படி படியாக அவிழ்த்தாள். லேஸ் நுனியில் இருந்த பிளாஸ்டிக் கழன்றுவிட்டது. ஊசியில் நூல் கோர்ப்பதுபோல எச்சில் தொட்டு முறுக்கினாள். அந்த நேரம் பார்த்து, ஓட்டத்தை வீடியோ எடுக்கப் பைக்கில் வந்த என் கணவர் எங்கள் எதிரே வந்து நின்றார்.

“அய்யய்யோ, ஏம்மா அவுக்கிறே? ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா அத்த கட்ட!”

“மாமா, இது பாக்கறதுக்கு. அக்கா கால பாரு மொதல்ல.”

சாக்ஸை இறக்கிக் காட்டினாள். சிவந்து தடித்திருந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து குந்தினார்.

“சரி, இன்னா பண்ணணும் சொல்லு.”

“எலும்பு இருக்கிற எடத்துல குறுக்கால போவக் கூடாது. பக்கத்துலயே மேல ஏத்து. கடைசி ஓட்டையில சின்னதா ஒரு வளையம் வுடு. அந்தப் பக்கத்து லேஸ இந்த வளையத்துல நொழச்சி இழு. குதிகால் நவுராது.”

இடது ஷூவை அவள் கட்ட, பார்த்துப் பார்த்து வலது ஷூவை அவர் கட்டினார். அதற்குள் முன்னால் போனவர்கள் திரும்பி வரத் தொடங்கிவிட்டார்கள். ரோட்டோரம் புருஷன் பெண்டாட்டியின் காலைத் தொடைமேல் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரே கூச்சல்.

“அண்ணே, மெட்டி எங்க?”

கல்யாணத்தன்று அம்மிமேல் என் காலை வைத்து மெட்டி போட்டதற்குப் பிறகு அவர் என் காலைப் பிடித்தது அன்றைக்குத்தான். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவர் தலையே தூக்கவில்லை. கடைசி வளையத்தில் அவர் கவனம் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றேன். கால் இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவுக்கு லேசாக இருந்தது. மீதி மூன்று கிலோமீட்டரும் நானும் அவளும் வேகமாக நடந்தே முடித்தோம். எங்களுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் வேன் மட்டும் ஊர்ந்துகொண்டு வந்தது. வாசலில் ரிப்பன் எப்போதோ அறுந்திருந்தது. எச்.ஆர். பெண் அதன் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, எங்களுக்காக இன்னொரு முறை பிடிக்கச் சொன்னாள். நாங்கள் கைகோத்துக்கொண்டு அதை அறுத்தோம். பொங்கல் ஆறிப்போயிருந்தது; ஆனால் வடை ஆளுக்கு மூன்று கிடைத்தது.

மறுநாள் கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்திக்குப் பெருவிரல் இடிக்கிறது, ஒருத்திக்குக் குதிகால் வழுக்குகிறது, ஒருத்தி கர்ப்பமாக இருந்ததால் கால் வீக்கம். தோழி ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்துவிட்டு, எங்கே குறுக்கே விடலாம், எங்கே கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். சூப்பர்வைசர் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் தன் வலது ஷூவை நீட்டி, “எனக்கு ஓரமா கடிக்குதும்மா” என்றார்.

இப்போது நானும் தோழியும் தினமும் காலையில் நடக்கிறோம். போன வாரம் என் கணவரும் எங்களோடு நடக்க வருகிறேன் என்று சொல்லி ஷூ வாங்கக் கடைக்கு வந்தார். கடைக்காரர் அளவு என்ன என்று கேட்டார். இவர் அதைக் காதில் வாங்காமல், ஒவ்வொரு ஷூவாக எடுத்துக் லேஸ் கோர்க்கும் கடைசி ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.