அரிசி மூட்டையோடு நானூறு மீட்டர்

அமெரிக்கப் பத்திரிகைகளில் வரும் எட்டு சிலிண்டர் வி-எயிட் மஸல் காரை நம் ஊரில் சாதாரண ஆள் வைத்துக்கொள்ள முடியாது. எஞ்சின் பெரிதாகப் பெரிதாகச் சாலை வரியும் ஏறும். பணக்காரன் கட்டிவிடுவான், நாம் பத்திரிகை பார்க்கலாம். அதனால் நானும், கிள்ளான் பக்கத்து மேருவில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் குணாவும் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றை ஆறு மாதமாகக் கட்டினோம். 1976-இல் வந்த இரண்டு கதவு ஜப்பான் கார், விலை 1,900 வெள்ளி, அதாவது ரிங்கிட். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் பழைய காரின் முன்பாகத்தை இங்கே ஹாஃப்-கட் என்பார்கள். அதிலிருந்து இரண்டு லிட்டர் எஞ்சினும் கியர்பாக்ஸும் 2,600 வெள்ளி. இந்த 1994 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து தீகா என்ற இடத்திலுள்ள பந்தயத் திடலில் நானூறு மீட்டர் ஓட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். கிளம்பினோம்.

ஒரே ஒரு சிக்கல். இந்தக் கார்தான் தினமும் காலை ஆறு மணிக்கு என் அம்மாவையும் பக்கத்து வீட்டு இரண்டு அக்காக்களையும் கிள்ளானிலிருந்து மேரு கையுறைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறது. தொழிற்சாலை பஸ்ஸை எங்கள் தாமான் குடியிருப்புக்கு மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஆள் குறைவாம். ஆனால் ஒரு நாள் வராவிட்டால் மாத வருகைப்படி முழுதும் போகும். ஞாயிறு கார் உடைந்தால் திங்கள் மூன்று பேருக்கும் அடி.

அந்தப் பயணத்தில்தான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். தனியாகப் போகும்போது பின் டயர்கள் சுற்றிக்கொண்டே நிற்கும். மூன்று பேரும் ஏறிவிட்டால் கார் கல்லிலிருந்து தெறித்த மாதிரி கிளம்பும். அக்காக்களைப் பந்தயத்துக்குக் கூப்பிட முடியுமா? அதனால் குணா இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் நான்கை டிக்கியில் ஏற்றினான்.

காலை 8.10-க்குக் கிள்ளானை விட்டோம். ஃபெடரல் ஹைவேயில் ஏறி, டோல் ஒரு வெள்ளி, ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர், 8.40-க்குத் திடல். வாசலில் காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு, யாருடைய காரைத் தள்ள வந்தீர்கள் என்று கேட்டார். உள்ளே பாதிக் கார்கள் லோரி முதுகில் வந்து இறங்கியிருந்தன. ஓட்டி வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். மூன்று ஓட்டத்துக்கு நாற்பது வெள்ளி.

காரைச் சோதித்த அதிகாரி டிக்கியைத் திறந்தார். கடை போட வந்தீர்களா என்று மலாய் மொழியில் கேட்டார். கட்டாமல் கிடக்கும் எதற்கும் அனுமதியில்லை என்று இறக்கச் சொல்லிவிட்டார். குணாவுக்கு முகம் செத்துப்போனது.

முதல் ஓட்டம். டயர் சுற்றிப் புகைந்து, கடைசியில் 16.9 விநாடி. அதைவிட மோசம், கிளம்பும்போது பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். ஆக்சில் போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. குணா அடியில் படுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து டிக்கியைத் திறந்தான்.

"ஜாக்குடா மச்சான். மூட்டைக்கு அடியில மாட்டியிருந்துச்சு, இறக்கினதும் உருண்டு இடிச்சிருக்கு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குணா சிரித்துக்கொண்டே லோரிக் கயிறு வாங்கி வந்து, மூட்டைகளை அடித்தட்டுக் கொக்கிகளில் இறுக்கிக் கட்டினான். அதிகாரி வந்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. தலையாட்டினார். பிடிப்புக்காகப் பின் டயர்க் காற்றை முப்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறக்கினோம். இரண்டாவது ஓட்டம் 15.4.

பக்கத்துப் பாதையில் ஓடியவன் அம்பாங் ஊர்க்காரன்; அந்த அம்பாங்காரனின் கார் எங்கள் காரைப்போலப் பத்து மடங்கு விலை. 15.6. தன் நண்பர்கள் முன்னால் மறுபடி ஓடலாம் என்று வந்து நின்றான். குணா துள்ளினான்.

"ஒன்னே ஒன்னு லா. அவன் மூஞ்சிய பாரு."

"உடைஞ்சா நாளைக்கு அவங்க மூனு பேர நீ தூக்கிட்டுப் போவியா?"

மூன்றாவது ஓட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பினோம். திரும்பும் வழி முழுதும் குணா என்னைப் பயந்தாங்கொள்ளி என்றான். அம்பாங்காரன் வேறொருவனோடு ஓடி கியர்பாக்ஸை உடைத்துக்கொண்டதை மறுநாள்தான் கேள்விப்பட்டோம். அவனுக்கு லோரி இருந்தது. வீட்டில் வேறு காரும் இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: எஞ்சினுக்குச் செலவு செய்யும் முன் பிரேக்குக்கும் டயருக்கும் எடுத்து வையுங்கள். ஹாஃப்-கட் வாங்கினால் எஞ்சின் நம்பரை முதலில் கிராண்டில், அதாவது காரின் பதிவு அட்டையில், ஏற்றுங்கள். எனக்கு இரண்டு நாள் அலைச்சல். டிக்கியில் கட்டாமல் கிடப்பதைக் காலி செய்துவிட்டுப் போங்கள். திரும்பும்முன் காற்றை மறுபடி ஏற்றுங்கள். வேலைக்கு ஓட்டும் காரானால், எத்தனை ஓட்டம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கே போனால் புத்தி வேலை செய்யாது.

திங்கள் காலை 6.25-க்கு மூன்று பேரும் தொழிற்சாலை வாசலில் இறங்கினார்கள். ஞாயிறு எங்கே போனாய் என்று அம்மா கேட்கவில்லை. கதவைச் சாத்தியபடி, "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடு" என்றாள்.