மூன்றாவது துண்டு

அன்று நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேனா, செருப்போடே போனேனா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. வாசலைக் கண்டால் கால் தானாகக் கழற்றிவிடும். கழற்றியதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

தென்காசியிலிருந்து சுரண்டை போகும் சாலையில் ஒரு தையல் கூடத்தில் எனக்கு செக்கிங் வேலை. போர் விமானம் தரையிறங்கி ஓடும்போது வால்பக்கம் விரிந்து வேகத்தைக் குறைக்கிற பாராசூட்டை அங்கே பெண்கள் தைக்கிறோம். எங்கள் பேச்சில் அது குடை. ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். படித்தவள் என்று கொடுத்தார்கள்.

அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, உடைந்த இடங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் குடையைத் தையல் தையலாகப் பிரித்துத் தேட வேண்டும். மடிப்புக்குள் முனை இருந்துவிட்டால், விரிகிற வேகத்தில் துணி கிழிந்துபோகும்.

பக்கத்து மேசையில் தைத்தவள் கடையநல்லூர்க்காரி. கணவர் வளைகுடாவில். "எங்க வீட்டு ஆளு வாற பிளேனுக்கும் ஒரு குடை கட்டி விடணும்க்கா. அப்பமாவது ஊர்ல நிக்காரான்னு பாப்போம்" என்பாள். கூடமே சிரிக்கும்.

போர் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. தைத்ததையெல்லாம் உடனே அனுப்பச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்திலும் மெஷின்கள் ஓடின. அப்படி ஒரு மத்தியானம் அவளுடைய ஊசி மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டுகள் கிடைத்தன. முனை கிடைக்கவில்லை. இருவரும் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் செல்போன்கள் அவரிடம்தான் இருக்கும். மதினி பேசினாள். எட்டு மாதமான என் மகளுக்குக் காய்ச்சல் ஏறி, கண் சொருகுகிறதாம்.

உள்ளே ஓடி வந்தேன். பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது. வெளியே குடைகளை ஏற்ற லாரி நின்றுகொண்டிருந்தது.

"யக்கா, காந்தத்த ரெண்டு தடவ ஓட்டிட்டேன். துணியில இல்ல. தரையிலதான் எங்கனயாவது கெடக்கும். நீங்க பிள்ளையப் போய்ப் பாருங்க" என்றாள்.

மூன்றாவது துண்டுக்கு நேரே 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பார்த்தாள். மகளுக்கு மாலையிலேயே காய்ச்சல் இறங்கிவிட்டது. குடை போய்விட்டது. சில நாளில் போரும் நின்றது.

திருவனந்தபுரம் போகிற பயணி விமானத்தின் சத்தம் கேட்டாலும் என் கை நின்றுவிடும். மகள் மேலே பார்த்துக் கை தட்டுவாள். பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து அவளுடைய தொட்டில் துணியில் ஓட்டிப் பார்ப்பேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணை மூடினால், முகம் தெரியாத ஒருவர் ஓடுபாதையின் கடைசியில் நிற்க முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்குப் போனோம். படியில் கால் வழுக்கியது. செருப்பில் சேறு அப்பியிருக்கிறதென்று கழற்றிக் குச்சியால் சுரண்டினேன். அடி ரப்பருக்குள் என்னவோ மின்னியது. ஊசிமுனை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் வீடு வருவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. வீட்டிலும் தையல் மெஷின் இருக்கிறது, அதிலும் ஊசி உடைந்திருக்கிறது. கூடத்துக்குள் செருப்புக்கு அனுமதி கிடையாது. அன்று செருப்போடு ஓடியிருந்தால்தான் இது அந்த முனை.

என் கணவர் போலீஸ்காரர். முழுவதையும் கேட்டுவிட்டு, "கையெழுத்து போட்டாச்சு. இனி வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் வேல போவும். ஒண்ணும் ஆவலல்லா?" என்றார். ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் குடை இன்னும் எங்கேயாவது மடித்தபடியே இருக்கலாம்.

முனையை டேப்பில் ஒட்டி, மகளின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருக்கிறேன். அதோடு பொருத்திப் பார்க்க வேண்டிய துண்டு, மேலாளர் அறையில் பூட்டியிருக்கிற ரிஜிஸ்டரில் இருக்கிறது. ரிஜிஸ்டரைக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டால் குடையைத் திருப்பி வரவழைக்க வேண்டும். என்னைப் பிள்ளையிடம் அனுப்புவதற்காகப் பேசியவளும் மாட்டிக்கொள்வாள்.

இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் தினமும் கிளம்புகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கழற்றிவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அவளிடம் முதலில் சொல்லிவிட்டு மேலாளரிடம் போவதா, அவள் பேச்சே எடுக்காமல் நான் மட்டும் போவதா? இரண்டும் துரோகமாகத் தெரிகிறது. இதைப் படிக்கிறவர்களில், இன்னொருவர் உயிரே நம்பியிருக்கிற கையெழுத்தைப் போடுகிற வேலையில் இருப்பவர்கள் இருந்தால், நீங்கள் யாரிடம் முதலில் போவீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.